ஏகார் தட்டு: யாழ்ப்பாணப் பாடசாலை ஆய்வுகூடங்களில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

உயர்தர உயிரியலிலும் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலிலும் நுண்ணங்கி வளர்ப்புப் பாடம் வந்தவுடன் ஆசிரியர்களும் ஆய்வுகூட உதவியாளர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஏகார் என்னும் கூழ்ப்பொருளை உணவோடு காய்ச்சி, மூடியுள்ள தட்டையான கிண்ணத்தில் ஊற்றி இறுக வைப்பதுதான் ஏகார் தட்டு. அதன்மேல் நுண்ணங்கி வளரும். ஒட்டோகிளேவ் (அமுக்க நீராவியால் கிருமியழிக்கும் கருவி) இல்லை, வளிச்சீராக்கி இல்லை, ஒரு குளிர்சாதனப் பெட்டியும் நாலைந்து மதுசார விளக்கும் இருக்கின்றன என்ற நிலையிலுள்ள ஆய்வுகூடத்தை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எங்கும் அப்படியான ஆய்வுகூடங்கள்தான் அதிகம். அங்கேயும் நல்ல தட்டு ஊற்றலாம். வசதியில்லை என்று சொல்லிக் கரும்பலகையில் படம் கீறிப் பாடத்தை முடிப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

ஏகார் எதற்கு? ஜெலற்றினில் தட்டு ஊற்றினால் என்ன?

எங்கள் ஊர் வெயிலில் ஜெலற்றின் தட்டு நிற்காது. ஏறக்குறைய 25 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அது இளகத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் விடிய எழும்பும்போதே பல நாட்களில் அந்த வெப்பம் இருக்கும். போதாக்குறைக்கு, ஜெலற்றின் ஒரு புரதம். பல பற்றீரியாக்கள் அதைச் சமித்து நீராக்கிவிடும். தட்டில் தனித்தனியே நிற்க வேண்டிய கொலனிகள் (கண்ணுக்குத் தெரிகிற நுண்ணங்கித் திரள்கள்) ஒன்றாய்க் கரைந்து ஓடும்.

ஜேர்மனியில் பற்றீரியா ஆய்வாளர் ரொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்திலும் இதே தொல்லைதான் இருந்தது. அங்கே வேலைசெய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, 1881இல், வீட்டில் ஜெல்லி செய்யத் தான் பாவித்த ஏகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். யாவாவில் வாழ்ந்த அயலவரிடம் அதைப் பற்றி அவர் அறிந்திருந்தார். வெப்ப நாட்டுச் சமையலறை அறிவு அப்படித்தான் ஆய்வுகூடத்துக்குள் வந்தது. கொக்கின் 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஏகார் இருக்கிறது, ஃபனியின் பெயர் இல்லை. மூடியுள்ள தட்டைக் கொக்கின் உதவியாளர் பெத்திரி 1887இல் அறிமுகப்படுத்தினார். பெத்திரியின் பெயர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஃபனியின் பெயரையும் அதே பாடத்தில் சொல்லிக்கொடுங்கள்.

ஏகார் செங்கடற்பாசிகளிலிருந்து எடுக்கிற காபோவைதரேற்று வகை. 85 பாகைக்கு மேலேதான் உருகும். உருகியது 40 பாகைக்குக் கீழே, 32 முதல் 40 வரையான இடைவெளியில் இறுகும். இந்த இரண்டு எண்ணையும் நெஞ்சில் வைத்திருங்கள். கீழே வருகிற பாதிப் பதில்கள் இவற்றிலிருந்து பிறப்பவைதான். ஏகாரை உணவாக்கக்கூடிய பற்றீரியாக்கள் மிகச் சில. அவையும் பெரும்பாலும் கடலில் வாழ்பவை. காரைநகர்க் கடல்நீரில் ஒரு துளி தட்டில் வைத்துச் சில நாளில் கொலனியைச் சுற்றிச் சிறு பள்ளம் விழுந்தால், ஏகாரைத் தின்கிற ஒன்று கிடைத்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கடைப் பட்டியலில் 'ஏகார்', 'போசணை ஏகார்', 'உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏகார்' என்றெல்லாம் இருக்கிறது. எதை வாங்குவது?

முதலில் ஒரு வேறுபாடு. வெறும் ஏகார்த் தூள் இறுக வைக்கும், அவ்வளவுதான். அதில் உணவு இல்லை. அதை மட்டும் தண்ணீரில் காய்ச்சி ஊற்றினால் வடிவான தட்டு வரும், ஆனால் ஒன்றும் முளைக்காது. 'போசணை ஏகார்' என்று எழுதிய போத்தலில் பெப்தோன் (பாதி சமித்த புரதம்), இறைச்சிச் சாறு அல்லது மதுவச் சாறு, உப்பு, ஏகார் எல்லாம் அளவாய்க் கலந்திருக்கும். தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும். பற்றீரியாவுக்கு அது. பங்கசுக்கும் மதுவத்துக்கும் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏகார். அது சற்று அமிலத் தன்மையானது, பீ.எச். 5.6 அளவில் இருப்பதால் பங்கசு முந்திக்கொள்ளும்.

பாடசாலைக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் வெறும் ஏகார்த் தூளை வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. அரைக் கிலோ கலவைப் போத்தலைத் திறந்து இரண்டு தடவை பாவித்துவிட்டு மூடி வைத்தால், எங்கள் ஈரப்பதன் அதற்குள் புகுந்து அடுத்த வருடம் கல்லாய்க் கிடக்கும். வெறும் ஏகார் அவ்வளவு இலகுவில் பழுதாகாது. உணவை நீங்களே சேர்க்கலாம், சேர்க்கும்போது ஊடகத்தில் (நுண்ணங்கி வளர்க்கிற உணவுக் கலவையில்) எது எதற்கு இருக்கிறது என்று பிள்ளைகளும் படிப்பார்கள். கலவை வாங்கினால் 100 கிராம் போத்தலாய்க் கேட்டுப் பாருங்கள்.

இரத்த ஏகாரும் மக்கோங்கி ஏகாரும் வேண்டவே வேண்டாம். நோய்க்கிருமிகளைத் தேடும் வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்கானவை அவை. பாடசாலையில் நாங்கள் நோய்க்கிருமியைத் தேடப்போவதில்லை.

கேக் சாமான் கடையில் 'அகர் அகர்' தூள் மலிவாய் இருக்கிறது. நோன்புக் காலத்தில் கடற்பாசி இனிப்புச் செய்கிற நாரும் கிடைக்கிறது. அவை சரிவருமா?

பெரும்பாலும் சரிவரும். நுண்ணுயிரியலுக்கென்று விற்கிற ஏகார் கூடுதலாகச் சுத்திகரிக்கப்பட்டது, தெளிவானது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இறுகும். உணவு ஏகார் சற்றுக் கலங்கலாய் இருக்கும், இறுகும் வலுவும் மாறி மாறி வரும். கொலனி எண்ணவும் நிறம் பார்க்கவும் அந்தக் கலங்கல் தடையில்லை.

ஆனால் பைக்கற்றைத் திருப்பி வாசியுங்கள். சீனியும் நிறமும் வாசனையும் கலந்த ஜெல்லித் தூள் வேறு, தனி ஏகார் வேறு. ஜெல்லித் தூள் பலவற்றில் இருப்பது ஜெலற்றினோ, செம்பாசியிலிருந்து எடுக்கிற இன்னொரு கூழ்ப்பொருளான கராஜீனனோதான். சந்தேகமென்றால் இப்படிச் சோதியுங்கள். 100 மி.லீ. தண்ணீரில் ஒன்றரைக் கிராம் போட்டு நன்றாய்க் கொதிக்க வைத்து ஒரு கோப்பையில் ஊற்றி மேசையில் விடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமலே இறுகினால் ஜெலற்றின் இல்லை. பிறகு அந்தத் துண்டைக் கை பொறுக்காத அளவு சுடுதண்ணீரில், ஏறத்தாழ 60 பாகையில், பத்து நிமிடம் விடுங்கள். ஏகாரென்றால் அசையாமல் கிடக்கும்.

இறுகியது தொட்டவுடன் உடைந்தாலோ ஈரம் கசிந்தாலோ ஏகாரை 2 கிராமாக்கிப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் இரண்டரை. புதுப் பைக்கற் வாங்குகிற ஒவ்வொரு தடவையும் இந்தச் சோதனையைத் தண்ணீரில் செய்துவிட்டுத்தான் உணவு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். நார் ஏகாரைக் கத்தரிக்கோலால் பொடியாய் வெட்டி அரை மணித்தியாலம் ஊற விடுங்கள், இல்லையென்றால் கொதித்தாலும் நடுவில் கட்டி மிஞ்சும். காய்ச்சியதும் மெல்லிய பருத்தித் துணியில் சூட்டோடு வடித்துவிடுங்கள்.

வடக்கில் கடற்பாசி வளர்க்கிறார்களே, அதிலிருந்து நாங்களே ஏகார் எடுக்கலாமா?

வடக்குக் கரைகளில் கயிற்றில் கட்டி வளர்க்கிற பாசி கப்பாபைக்கஸ். அதுவும் செம்பாசிதான், ஆனால் தருவது கராஜீனன். ஏகார் இல்லை. கரையில் ஒதுங்குகிற பழுப்புச் சாதாளையும் ஏகார் தராது. ஏகார் தருவது கிரசிலாரியா, ஜெலிடியம் இனங்கள். கிரசிலாரியாவில் எங்கள் களப்புகளில் இயல்பாய் வளர்கிற இனங்கள் உண்டு. கஞ்சிப்பாசி அதில் ஒன்று. கழுவி, வெயிலில் போட்டு வெளிற வைத்து, காய்ச்சி, வடித்து, இறுகியதை உறைய வைத்து, உருக விட்டுத் தண்ணீரை வடித்துக் காய வைத்தால் ஏகார் கிடைக்கும். காரம் சேர்த்துப் பதப்படுத்தாமல் எடுப்பது மெலிவாய் இறுகும். மாணவர் செயற்றிட்டத்துக்கு அருமையான விடயம். தட்டு ஊற்ற அதை நம்ப வேண்டாம்.

எங்கள் பாடசாலையில் மாட்டிறைச்சிச் சாறு கலந்ததைக் கையாளப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு, அந்தத் தயக்கத்தை மதிக்கவும் வேண்டும். மதுவச் சாறு எல்லா வீட்டிலும் இருக்கிறது: மாமைட். 100 மி.லீ. தண்ணீருக்கு மாமைட் 1 கிராம், குளுக்கோசு அரைக் கிராம், ஏகார் ஒன்றரை முதல் 2 கிராம். மாமைட்டிலேயே உப்பு இருப்பதால் தனியாய்ப் போடத் தேவையில்லை. பாசிச்சாயத் தாளில் தொட்டுப் பாருங்கள். அமிலமாய்த் தெரிந்தால் அப்பச்சோடா ஒரு சிட்டிகையிலும் குறைவாய்ச் சேர்த்து மறுபடி பாருங்கள். தட்டு தேநீர் நிறத்தில் வரும். வெள்ளை, மஞ்சள் கொலனிகள் அந்த நிறத்தில் உண்மையில் இன்னும் எடுப்பாய்த் தெரியும்.

பங்கசுக்கு இன்னும் சுகம். யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்கு 200 கிராமைத் தோல் சீவி மெல்லிதாய் வெட்டி அரை லீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் அவியுங்கள். கிழங்கை மசிக்காமல் சாற்றை மட்டும் வடித்து, தண்ணீர் சேர்த்து 1 லீற்றராக்கி, குளுக்கோசு 20 கிராமும் ஏகார் 15 முதல் 20 கிராமும் போடுங்கள். குளுக்கோசு இல்லையென்றால் சீனி.

ஒரு வகுப்புக்கு எவ்வளவு காய்ச்ச வேண்டும்?

90 மி.மீ. விட்டமுள்ள தட்டு ஒன்றுக்கு 15 முதல் 20 மி.லீ. அரை லீற்றரில் 25 தட்டு தாராளமாய் ஊற்றலாம். நாற்பது பிள்ளைகள், நாலு பேருக்கொரு குழு, குழுவுக்கு இரண்டு தட்டு என்றால் 20. ஒன்றும் இடாமல் வைக்கிற கட்டுப்பாட்டுத் தட்டு இரண்டு. பழுதாகிறதுக்கு மேலும் இரண்டு. அரை லீற்றர் கணக்காய் வரும்.

கடையில் வாங்கிய போசணை ஏகாருக்குப் போத்தலில் அளவு எழுதியிருக்கும். லீற்றருக்கு 28 கிராம் என்பது பரவலாய் உள்ளது, லீற்றருக்கு 23 கிராம் என்றும் வரும். சேர்மானம் வேறு வேறு என்பதால் போத்தலில் உள்ளதையே பின்பற்றுங்கள். தேக்கரண்டியால் அளக்க வேண்டாம், தராசு பாவியுங்கள். காசு நெருக்கடியென்றால் தட்டின் அடிப்புறத்தில் பேனையால் சிலுவைக் கோடு கீறி நாலு கூறாய்ப் பிரித்தால் ஒரு தட்டு நாலு தட்டின் வேலையைச் செய்யும்.

கிணற்றுத் தண்ணீர் பாவிக்கலாமா?

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற நீர். கல்சியம் கூடியது. வீட்டுக் கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைக் கல்லே சாட்சி. பெப்தோனிலுள்ள பொசுபேற்றுடன் அந்தக் கல்சியம் சேர்ந்து, சூடாக்கும்போது வெண்படிவாய்க் கலங்கும். கரையோரக் கிணறென்றால் உவரும் சேரும். தோட்டப் பக்கக் கிணறுகளில் பசளையிலிருந்து வந்த நைத்திரேற்றும் இருக்கும். இவை பற்றீரியாவைக் கொல்லா, ஆனால் ஒரு பாடசாலையின் தட்டை இன்னொரு பாடசாலையின் தட்டோடு ஒப்பிட முடியாமல் செய்யும். காய்ச்சி வடித்த நீரே நல்லது. இல்லையென்றால் மழைக் காலத்தில் சுத்தமான பாத்திரத்தில் நேரே பிடித்து வடித்த மழைநீர். அதுவும் இல்லையென்றால் கிணற்றுநீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேலே தெளிந்ததை எடுங்கள்.

ஒட்டோகிளேவ் இல்லை. கிருமியழிப்பது எப்படி?

வீட்டுப் பிறஷர் குக்கர் போதும். ஒட்டோகிளேவில் நடப்பது, சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் நீராவியை 121 பாகைக்குக் கொண்டுபோய் 15 நிமிடம் வைத்திருப்பது. அடுப்பில் வைக்கிற, மேலே பாரம் போடுகிற குக்கர்களும் ஏறக்குறைய அந்த அமுக்கத்துக்கே செய்யப்பட்டவை. வெறும் கொதிநீர் 100 பாகையில் நின்றுவிடும். மண்ணிலும் தூசியிலும் இருக்கிற பசிலசுப் பற்றீரியாவின் வித்திகள் (சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கிற வடிவம்) அந்தக் கொதியில் சாகாமல் கிடந்து, தட்டு ஆறியதும் முளைக்கும். அந்த மேலதிக 21 பாகைக்காகத்தான் குக்கர்.

ஏகார்த் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கால் மணித்தியாலம் ஊற விடுங்கள். பிறகு, கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் குடுவையை வைத்துத் துழாவித் துழாவிச் சூடாக்குங்கள். நேரே நெருப்பில் வைத்தால் அடியில் பிடித்துக் கருகும், கண் எடுத்தால் பொங்கும். ஒரு மணியும் மிஞ்சாமல் கரைந்து தெளிந்த பின் கூம்புக் குடுவைகளிலோ கண்ணாடிப் போத்தல்களிலோ பாதிக்கு மேல் போகாமல் நிரப்புங்கள். பஞ்சு அடைத்து அலுமினியத் தாள் சுற்றுங்கள். திருகு மூடியென்றால் அரைச் சுற்றுத் தளர்த்தி விடுங்கள். இறுக மூடிய போத்தல் வெடிக்கும்.

குக்கருக்குள் இரண்டு அங்குலம் தண்ணீர், அதன்மேல் ஒரு தாங்கி, தாங்கியில் குடுவைகள். மூடியைப் பூட்டிவிட்டுப் பாரத்தை உடனே போடாதீர்கள். நீராவி ஐந்து நிமிடமாவது பலமாய் வெளியேற வேண்டும். உள்ளே காற்று மிஞ்சினால் அமுக்கம் இருக்கும், வெப்பம் இருக்காது. பெரும்பாலானோர் தவற விடுகிற இடம் இதுதான். பிறகு பாரத்தைப் போட்டு, முதல் விசில் வந்ததும் நெருப்பைக் குறைத்து, மெல்லச் சீறிக்கொண்டிருக்கிற அளவில் 20 நிமிடம் வையுங்கள். விசிலை எண்ண வேண்டாம், மணிக்கூட்டைப் பாருங்கள்.

நேரம் முடிந்ததும் நெருப்பை அணைத்துவிட்டுச் சும்மா விடுங்கள். பாரத்தைத் தூக்கி ஆவியைத் திறந்துவிட்டால் குடுவைக்குள் ஏகார் குபீரெனப் பொங்கி வெளியேறும். உருகிய ஏகார் தோலில் ஒட்டிக்கொண்டு எரிக்கும், வெந்நீர் போல் வழிந்து போகாது. இந்தக் கட்டத்தில் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வையுங்கள். குக்கரைத் திறந்ததும் குடுவையை மெதுவாய்ச் சுழற்றிக் கலக்குங்கள், ஏகார் அடியில் தடித்துக் கிடக்கும்.

ஆய்வுகூடத்துக்கென்று எடுத்த குக்கர் ஆய்வுகூடத்திலேயே இருக்கட்டும். கன்ரீனுக்குத் திரும்பிப் போகக்கூடாது. மின்சாரக் குக்கர்கள் பெரும்பாலும் 15 இறாத்தலை எட்டுவதில்லை, அவற்றை நம்ப வேண்டாம்.

மைக்ரோவேவில் வைத்தால் போதாதா?

போதாது. இறுகிய ஏகாரை மறுபடி உருக்க மைக்ரோவேவ் நல்லது, கிருமியழிக்க இல்லை. உருக்கும்போதும் அரை நிமிடத்துக்கொரு தடவை நிறுத்துங்கள். அசைக்கிற நேரத்தில் திடீரெனப் பொங்கும். குக்கரே கிடைக்காவிட்டால், ஊடகத்தை மூன்று நாள் தொடர்ந்து நாளுக்கு அரை மணித்தியாலம் ஆவியில் அவித்து, இடையில் அறை வெப்பத்தில் விடலாம். முதல் நாள் தப்பிய வித்தி முளைத்ததும் அடுத்த அவியலில் சாகும். ஊடகத்தில் உணவு இருந்தால்தான் வித்தி முளைக்கும், ஆகவே வெறும் தண்ணீருக்கு இந்த முறை உதவாது. கண்ணாடித் தட்டுகளைத் தாளில் சுற்றிச் சூளையில் 160 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைக்கலாம், அல்லது குக்கரிலேயே வைக்கலாம். பிளாஸ்ரிக் தட்டு கிருமியழித்துப் பொதியில் வருவது. ஒரு தடவைக்குத்தான், சூட்டில் உருகிவிடும்.

ஊற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காற்றை. யன்னலை மூடுங்கள், ஃபானை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் செம்மண் தூசி திறந்த யன்னலால் வந்து மேசையில் படிவதைக் கண்ணாலே காணலாம். அந்தத் தூசியோடு வித்திகளும் வரும். பாடம் தொடங்குமுன், காலையில், ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஊற்றுவது உத்தமம். மேசையை 70 வீத மதுசாரத்தால் துடைத்து, அது முற்றாய் உலர்ந்த பின்னரே விளக்கைக் கொளுத்துங்கள். ஈர மதுசாரம் தீப்பிடிக்கும்.

குடுவையை 50 பாகை வரை ஆறவிடுங்கள். வெறும் கையால் சிரமமின்றிப் பிடிக்க முடிந்தால் அந்த அளவு. அதைவிடச் சூட்டில் ஊற்றினால் மூடியில் நீர்த்துளி கோத்து, பின் தட்டில் சொட்டி, கொலனிகளை ஒன்றாக்கும். கூட ஆறவிட்டால் கட்டி கட்டியாய் விழும். சுடரை அண்டி நின்று, குடுவை வாயைச் சுடரில் காட்டி, தட்டு மூடியை ஒரு பக்கம் மட்டும் உயர்த்தி ஊற்றி உடனே மூடுங்கள். சுடரைச் சுற்றிக் காற்று மேலே எழும்புவதால் தூசி கீழே விழாது. குமிழி வந்தால் சூடான ஊசியால் தொட்டு உடையுங்கள். ஊற்றிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் மெல்ல ஆறி ஈரம் குறைவாய்க் கோக்கும். இறுகிய பின் தலைகீழாய்த் திருப்புங்கள்.

தட்டு இறுகவில்லை. ஏன்?

மூன்று காரணங்கள்தான் அடிக்கடி வரும். ஏகார் குறைவு அல்லது மட்டமான ஏகார். முழுதாய்க் கரையாமல் அடியில் தங்கி, மேல் தண்ணீர் மட்டும் தட்டுக்குப் போனது. அல்லது அமிலம்: தேசிக்காய்ச் சாறு, தக்காளிச் சாறு போன்றவற்றைச் சேர்த்துக் காய்ச்சினால் ஏகார் சூட்டில் அறுந்துபோகும். அமிலச் சாறு தேவையென்றால் தனியாய்க் கிருமியழித்து, ஏகார் 50 பாகைக்கு ஆறிய பின் கலவுங்கள். மறுபடி மறுபடி உருக்குவதும் மெலிவிக்கும், ஒரு தடவையோடு நிறுத்துங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

பொலித்தீன் பையில் சுற்றி, தலைகீழாய், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று கிழமை. உறைபெட்டியில் வைத்தால் உருகும்போது தண்ணீர் பிரிந்து ஏகார் கடற்பஞ்சு போலாகிவிடும். போத்தலில் கிருமியழித்து வைத்த ஏகார் தட்டைவிட நெடுநாள் நிற்கும். ஆகவே தவணைக்குத் தேவையானதை ஒரே நாளில் போத்தல்களில் காய்ச்சி வைத்து, பாடத்துக்கு மூன்று நாள் முன்னர் உருக்கி ஊற்றுங்கள். பாடத்துக்கு இரண்டு நாள் முன்னர் ஓரிரு தட்டை வெளியில் வைத்துப் பாருங்கள். அதில் ஏதும் முளைத்தால் அந்தத் தொகுதி முழுவதும் சந்தேகத்துக்குரியது.

என்ன வளர்க்கலாம்? எதைத் தொடக்கூடாது?

இந்தப் பதிலை ஆறுதலாய் வாசியுங்கள். பிரித்தானியப் பாடசாலைகளில் தட்டுகளை 25 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்பார்கள். மனித உடலின் 37 பாகையில் உடலுக்கு ஒத்த நோய்க்கிருமிகள் முந்தி வளரும் என்பதே காரணம். எங்கள் அறை, சித்திரை வெயிலில், தானாகவே 30ஐத் தாண்டி நிற்கிறது. அடைகாப்புப் பெட்டி வேண்டாம் என்று சந்தோஷப்படுகிற விடயமில்லை இது, கூடுதல் கவனம் வேண்டும் என்கிற விடயம். தட்டுகளைக் கட்டடத்தில் மிகக் குளிர்ச்சியான, வெயில் படாத அறையில் வையுங்கள். எடுக்கிற மாதிரியில் கட்டுப்பாடாய் இருங்கள்.

தொண்டை, மூக்கு, காயம், சிறுநீர், மலசலகூடம், வடிகான், பழுதான இறைச்சி, செல்லப்பிராணி எதிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டாம். ஒரு பிள்ளை ஆர்வத்தில் கேட்டாலும் இல்லை என்றே சொல்லுங்கள். தயிர், புளித்த தோசைமா, பேக்கரி மதுவம், பாணில் பூத்த பங்கசு, பனங்கள்ளின் அடிமண்டி, அரை மணித்தியாலம் மூடி திறந்து வைத்த வகுப்பறைக் காற்று: ஒரு வருடத்துக்குப் போதும். பற்றீரியாவைத் தடுக்கிறதா என்று உள்ளி, மஞ்சள், வேப்பிலைச் சாறுகளில் தோய்த்த வடிதாள் வட்டங்களைத் தட்டில் வைத்துச் சுற்றி வருகிற தெளிந்த வளையத்தை அளப்பது நல்ல செயற்றிட்டம். வெறும் தண்ணீரில் தோய்த்த வட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். சவர்க்காரத்தால் கை கழுவுமுன்னும் பின்னும் விரல் நுனி தொட்ட தட்டும் வைக்கலாம், ஆனால் அதை வளர்ந்த பின் திறக்கவே கூடாது.

உண்மையில் எந்தத் தட்டையும் திறக்கக்கூடாது. மூடியை இரண்டு மூன்று இடத்தில் செலோரேப்பால் ஒட்டுங்கள். சுற்றிவர முழுதாய் அடைத்தால் ஒட்சிசன் இல்லாத சூழலை விரும்புகிற கிருமிகளுக்கு இடம் கொடுத்ததாகும். பெயர், திகதி, மாதிரி மூன்றையும் அடிப்புறத்தில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும். பற்றீரியாவுக்கு இரண்டு நாள், பங்கசுக்கு மூன்று முதல் ஐந்து நாள்.

பாவித்த தட்டுகளை என்ன செய்வது?

குப்பைக்குப் போகுமுன் மறுபடி குக்கர். செலோரேப்பைக் கழற்றாமல், சூடு தாங்கும் பையிலோ பழைய ரின்னிலோ போட்டு, வாயைத் தளர்வாய் விட்டு 30 நிமிடம். பிளாஸ்ரிக் சுருங்கிக் கட்டியாகும், அதை வீசலாம். கண்ணாடியென்றால் ஏகார் இறுகுமுன் சூட்டோடு வழித்தெடுத்துக் கழுவுங்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஊற்றினால் உள்ளே இறுகி அடைக்கும். குக்கருக்கு வழியே இல்லாவிட்டால், ஆசிரியர் கையுறையும் கண்ணாடியும் போட்டு, வெளியில் வைத்து, வீட்டுக் குளோரின் வெளிற்றியை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து, தட்டுகள் அமிழ ஓர் இரவு விடலாம். ஏகாரும் உணவும் குளோரினைத் தின்றுவிடுவதால் இது இரண்டாம்பட்சம். வெளிற்றி ஊறிய எதையும் பின் குக்கரில் வைக்காதீர்கள், அமிலமும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும்.

நுண்ணங்கி வளர்க்க அதிபர் அனுமதிக்கவில்லை. ஏகாரை வேறெதற்குப் பாவிக்கலாம்?

கிருமியழிக்கவே தேவையில்லாத இரண்டு செய்முறைகள் உண்டு, இரண்டும் பாடத்திட்டத்தோடு ஒட்டியவை. 100 மி.லீ. தண்ணீரில் 1 கிராம் மாப்பொருளும் 2 கிராம் ஏகாரும் காய்ச்சித் தட்டில் ஊற்றுங்கள். ஒரு நாள் ஊறி முளைகட்டிய பயற்றைப் பாதியாய் வெட்டி, வெட்டுமுகம் கீழே இருக்க வையுங்கள். பக்கத்தில், அவித்து ஆறிய பயற்றின் பாதியையும் வையுங்கள். அடுத்த நாள் விதைகளை எடுத்துவிட்டு ஐதான அயடின் கரைசலை ஊற்றினால் தட்டு முழுக்கக் கருநீலமாகும். உயிருள்ள பயறு இருந்த இடம் மட்டும் நிறமின்றி வட்டமாய் நிற்கும், அமிலேசு என்கிற நொதியம் மாப்பொருளைச் சமித்த இடம் அது. அவித்த பயற்றின் கீழ் கருநீலமே இருக்கும்.

மற்றது பரவல். 2 வீத ஏகாரில் பினோத்தலீனும் (காரத்தில் சிவக்கிற காட்டி) சில துளி ஐதான சோடியம் ஐதரொட்சைட்டும் கலந்தால் இளஞ்சிவப்புக் கட்டி வரும். அதை 1, 2, 3 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றிகளாய் வெட்டி ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, நிறம் நடுவரை மறைய எடுக்கிற நேரத்தைக் குறியுங்கள். மேற்பரப்பளவுக்கும் கனவளவுக்குமான விகிதம் முறையே 6, 3, 2. சிறிய குற்றி முதலில் வெளிறும். இதற்கு மிக மலிவான உணவு ஏகாரே போதும். கூர்மையான கத்தியால் வெட்டுங்கள், அளவுகோலை ஈரப்படுத்தி வைத்தால் குற்றி ஒட்டாது.